படகு கிளம்புவதற்கு முன்பே நடந்துவிடும் விபத்து

தேக்கடிக்குப் போகிறவர்கள் படகில் ஏறுவது விலங்குகளைப் பார்க்கத்தான். முல்லைப் பெரியாறு அணை 1895-இல் எழுந்தபோது காட்டுப் பள்ளத்தாக்கு ஒன்று நீரில் மூழ்கி ஏரியானது. அன்று மூழ்கிய மரங்களின் பட்டுப்போன அடிமரங்கள் இன்றும் தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கின்றன. வெயில் தாழ்ந்ததும் யானை, காட்டெருமை, மான் என்று ஒவ்வொன்றாகக் கரைக்கு இறங்கும். "அதோ!" என்று ஒருவர் கை நீட்டினால் போதும். படகில் இருக்கும் அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்புவார்கள், எழுந்து நிற்பார்கள், கழுத்தை நீட்டுவார்கள்.

2009 செப்டம்பர் 30 அன்று மாலையும் அதுதான் நடந்தது. கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குக் கண்ணாடியிழைப் படகு பயணிகளை ஏற்றிக்கொண்டு ஏரியில் போய்க்கொண்டிருந்தது. சேவைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத புதுப் படகு. கரையில் விலங்குகளைக் கண்ட பயணிகள் ஒரு பக்கமாக ஒதுங்கினார்கள். படகு சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவே இல்லை. 45 பேர் இறந்துபோனார்கள். தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு போனவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அன்று புயல் இல்லை, வெள்ளமும் இல்லை. விபத்துக்குப் பிறகு ஊர் வாயில் அடிபட்ட பேச்சு ஒன்றுதான்: "எல்லாரும் ஒரே பக்கம் போனா கவிழாம என்ன செய்யும்?" கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்வி, இறந்தவர்கள் மீதே பழியைப் போட்டுவிடுகிறது. விலங்கு பார்க்கவே ஓடும் படகில், விலங்கைக் கண்டதும் பயணிகள் எழுந்து நிற்பார்கள் என்பது படகைக் கட்டுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் சான்றிதழ் தருகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய முதல் விஷயம். அதைத் தாங்காத படகு அந்த ஏரிக்குள் இறங்கியே இருக்கக் கூடாது. படகின் நிலைத்தன்மை போதுமானதாக இல்லை என்பது பின்னால் நடந்த விசாரணைகளில் தெரியவந்தது. பயணிகள் எழுந்தது கடைசி நொடியில் நடந்த சம்பவம். விபத்துக்கான காரணம் அவர்கள் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே உருவாகிவிட்டது.

உல்லாசப் படகு விபத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தால் திரும்பத் திரும்பத் தென்படுவது இதுதான். ஏரி வேறு, நாடு வேறு, படகு வேறு. ஆனால் எத்தனை பேரை ஏற்றினார்கள், எங்கே உட்காரவைத்தார்கள், உடம்பில் லைஃப் ஜாக்கெட் இருந்ததா, எந்த நேரத்தில் கிளம்பினார்கள் என்ற நான்கைந்து முடிவுகளும் படகுத்துறையிலேயே எடுக்கப்பட்டிருக்கும். தண்ணீருக்குள் போன பிறகு திருத்திக்கொள்ள அவகாசம் அநேகமாகக் கிடைப்பதில்லை.

படகு எப்படி நிமிர்ந்து நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அடி கனத்த தஞ்சாவூர் பொம்மையை நினைத்துக்கொண்டால் போதும். எந்தப் பக்கம் தட்டினாலும் அது ஆடி ஆடிப் பழைய நிலைக்கு வந்துவிடும். அடியில் இருக்கும் கனத்தை எடுத்துத் தலையில் வைத்துவிட்டால் ஒரு தட்டிலேயே விழுந்து கிடக்கும். படகுக்கு இன்னொரு துணையும் உண்டு: தண்ணீர். படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்தில் அதிகப் பகுதி நீருக்குள் இறங்குகிறது. அங்கே நீரின் மேல்நோக்கிய உந்தல் கூடுகிறது. அந்த உந்தல்தான் படகைத் திருப்பி நிமிர்த்துகிறது. அடி அகலமாகவும் எடை தாழ்வாகவும் இருக்கும்வரை இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்யும்.

எடை மேலே ஏற ஏற இந்தப் பாதுகாப்பு கரைகிறது. மேல்தளத்தில் ஆள் ஏற்றினால் எடை மேலே போகிறது. உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்றாலும் எடை மேலே போகிறது. ஆளுக்கு 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், 20 பேர் ஒரே நேரத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும்போது 1,200 கிலோ இடம் மாறுகிறது. சாய்ந்த பக்கத்து விளிம்பு நீர்மட்டத்தைத் தொட்டுவிட்டால் தண்ணீர் உள்ளே வரும். வந்த தண்ணீர் நடுவில் நிற்காமல் சாய்ந்த பக்கத்துக்கே ஓடிச் சாய்வை இன்னும் கூட்டும். பயணிகளும் அந்தப் பக்கமே சரிவார்கள். அதற்குப் பிறகு எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். "எழுந்து லைஃப் ஜாக்கெட்டை எடுக்கக்கூட நேரமில்லை" என்று பிழைத்தவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கு எவ்வளவு மோசமாகத் தவறிப்போக முடியும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்து முக்கியமான சாட்சி. நியூயார்க் மாநிலத்தில் லேக் ஜார்ஜ் என்றொரு அழகான ஏரி. 2005 அக்டோபர் 2, வெயிலடித்த ஞாயிற்றுக்கிழமை. 'ஈதன் ஆலன்' என்ற 12 மீட்டர் நீளச் சுற்றுலாப் படகில் 47 பயணிகள், பெரும்பாலும் மூத்த குடிமக்கள், இலையுதிர்கால வண்ணங்களைப் பார்க்கக் கிளம்பினார்கள். படகுக்கு அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 48. ஆக, காகிதத்தின்படி ஓர் ஆள் குறைவாகவே இருந்தார். எல்லாரும் இருக்கைகளில் உட்கார்ந்துதான் இருந்தார்கள். படகு திரும்பும்போது பக்கவாட்டில் அலை ஒன்று தட்டியது. நீள பெஞ்சுகளில் இருந்தவர்கள் ஒரு பக்கமாகச் சறுக்கினார்கள். படகு கவிழ்ந்தது. 20 பேர் இறந்தார்கள்.

சட்டத்துக்கு உட்பட்டு, சரியான எண்ணிக்கையோடு போன படகு ஏன் கவிழ்ந்தது? அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தோண்டித் துருவியது. பயணி ஒருவரின் சராசரி எடை 140 பவுண்டு, அதாவது சுமார் 63 கிலோ என்று 1960-களில் போட்ட கணக்கே அதுவரை பயன்பாட்டில் இருந்தது. அன்று படகில் இருந்தவர்களின் சராசரி எடை 80 கிலோவுக்கு மேல். அதோடு, படகின் பழைய துணிக் கூரையை எடுத்துவிட்டு மரக் கூரை போட்டிருந்தார்கள். மேலே கனம் கூடியபோது நிலைத்தன்மையை யாரும் மறுபடி சோதிக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அந்தப் படகு பாதுகாப்பாக ஏற்றக்கூடியவர்கள் 14 பேர்தான் என்று தெரிந்தது. 48 என்று எழுதியிருந்த இடத்தில் 14! பின்னர் அமெரிக்கக் கடலோரக் காவல்படை பயணியின் சராசரி எடையை 185 பவுண்டாக, ஏறக்குறைய 84 கிலோவாக உயர்த்தியது.

கூரையை மாற்றுவது, மேலே ஒரு தளம் கட்டுவது, இருக்கைகளைக் கூட்டிப் போடுவது எல்லாம் நம் ஊர்ப் படகுத்துறைகளில் சாதாரண வேலையாகவே பார்க்கப்படுகிறது. அதன் விலையைக் கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் 2023-இல் கொடுத்தது. அந்த ஆண்டு மே 7, ஞாயிற்றுக்கிழமை, விடுமுறைக் காலம். தானூர் அருகே தூவல்தீரம் கடற்கரையை ஒட்டிய கழிமுகத்தில் 'அட்லாண்டிக்' என்ற இரண்டடுக்குப் படகு இருட்டும் வேளையில் கிளம்பியது. மீன்பிடிப் படகாக இருந்து சுற்றுலாப் படகாக மாற்றப்பட்டது அது. 22 பேர் போகக்கூடிய படகில் 37 பேர் ஏறியிருந்தார்கள். 22 பேர் இறந்தார்கள். குழந்தைகள் பலர். ஒரே குடும்பத்தில் 11 பேர். கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்டார்கள். மீட்க வந்தவர்கள் இருட்டோடும் மல்லாட வேண்டியிருந்தது.

மீன்பிடிப் படகு மோசமான படகு அல்ல. வலையும் ஐஸும் மீனும் அதன் அடிவயிற்றில் இருக்கும். கனம் கீழே தங்கும். அதில் வேலை செய்யும் நான்கைந்து பேரும் தண்ணீரில் வளர்ந்தவர்கள், அலை தூக்கும்போது எங்கே கால் ஊன்ற வேண்டும் என்று அறிந்தவர்கள். அதே படகின் மேல் இரும்புச் சட்டமும் தளமும் பிளாஸ்டிக் நாற்காலியும் ஏற்றி, நீச்சல் தெரியாத 30 பேரை உட்காரவைக்கும்போது அது வேறொரு படகாகிவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கும் இந்த வலி தெரியும். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரியைச் சுற்றிப்பார்க்கப் படகேறிய குடும்பங்களில் 22 பேர் திரும்பவில்லை. திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் பக்கத்து ஊர் ஏரி அது. பண்டிகை நாள், பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள், படகும் கரையில் நின்றது. தெரிந்த ஏரி, தெரிந்த படகுக்காரர் என்ற நம்பிக்கை லைஃப் ஜாக்கெட்டுக்கு ஈடாகாது.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் நம்முடைய அலட்சியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். "வேர்க்குது", "அழுக்கா இருக்கு", "போட்டோவுல நல்லா வராது", "சும்மா அரை மணி நேரம்தானே" என்ற நான்கு வாக்கியங்களைக் கேட்காத படகுத்துறை கிடையாது. படகோட்டியும் வற்புறுத்தமாட்டார். ஜாக்கெட்டுகள் கூரையில் கட்டியபடியோ இருக்கைக்கு அடியில் குவிந்தபடியோ இருக்கும். ஆய்வுக்கு வரும் அதிகாரியின் கண்ணில் பட அது போதும். உயிரைக் காக்கப் போதாது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கில், உல்லாசப் படகு விபத்துகளில் மூழ்கி இறப்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் லைஃப் ஜாக்கெட் அணியாதவர்கள். பல படகுகளில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும். கவிழ்கிற படகில், பதற்றத்தில், தண்ணீருக்குள் கழுத்தளவு நின்றுகொண்டு வார்ப்பட்டை மாட்டுவது நீச்சல் வீரருக்கே முடியாத காரியம்.

2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதரா நகரில் ஹர்னி ஏரிக்குப் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். படகில் 14 பேர் போகலாம். அதைப் போல இரண்டு மடங்குக்கு அருகில் ஏற்றினார்கள். பத்துப் பேருக்குத்தான் லைஃப் ஜாக்கெட் என்று செய்திகள் வந்தன. படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன், 2007 பிப்ரவரி 20-இல், கேரளத்தின் தட்டேக்காட்டில் பெரியாற்றில் பள்ளிச் சுற்றுலாப் படகு மூழ்கி 15 பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் இறந்திருந்தார்கள். விசாரணை ஆணையம், பரிந்துரை, இழப்பீடு எல்லாம் அப்போதே நடந்து முடிந்துவிட்டன. அதே தவறு இன்னொரு மாநிலத்தில் இன்னொரு வகுப்பறையைக் காலி செய்தது. மன்னிக்கவே முடியாத விஷயம் இது. பெரியவர்கள் தாமாக ஏறுகிறார்கள். பிள்ளைகளை நாம் ஏற்றுகிறோம்.

மும்பையில் 2024 டிசம்பர் 18 அன்று நடந்தது வேறு வகை. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் போன 'நீல்கமல்' படகின் மீது, என்ஜின் சோதனையில் இருந்த கடற்படை விரைவுப் படகு மோதியது. 15 பேர் இறந்தார்கள். மோதலுக்குப் பயணிகள் படகு எந்த வகையிலும் காரணமில்லை. ஆனால் 84 பயணிகளுக்கு அனுமதி பெற்ற அந்தப் படகில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பெரும்பாலோர் ஜாக்கெட் அணியவில்லை. விபத்துக்குப் பிறகுதான் அந்தத் துறையில் அது கட்டாயமானது. நம் படகு ஒழுங்காக ஓடினாலும் எதிரே வருவது ஒழுங்காக வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஜாக்கெட் அதற்காகவும்தான்.

போட்டுக்கொண்டால் மட்டும் போதாது, சரியாகப் போட வேண்டும். பெரியவர் ஒருவரின் தலை நீருக்கு மேல் நிற்க மூன்றிலிருந்து ஐந்து கிலோ அளவு கூடுதல் மிதப்பு போதும். ஒரு நல்ல ஜாக்கெட் இதைவிடக் கூடுதலாகவே தரும். ஆனால் கொக்கிகள் மாட்டாமல் தோளில் தொங்கவிட்ட ஜாக்கெட், தண்ணீரில் விழுந்ததும் தலைக்கு மேலே கழன்று போகும். அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, வாரை இறுக்கி, இரண்டு கைகளையும் உயர்த்தச் சொல்லி, தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். முகவாயைத் தாண்டி ஏறினால் அது தளர்வு. பெரியவர்களுக்கான ஜாக்கெட்டைக் குழந்தைக்குப் போட்டு இறுக்கிக் கட்டுவது பயன்படாது. குழந்தை அதற்குள்ளிருந்து வழுக்கி வெளியே போய்விடும். சிறுவர்களுக்கான அளவில், தொடைகளுக்கிடையே வார் உள்ளதாகக் கேளுங்கள். நுரை நொறுங்கியது, துணி கிழிந்தது, கொக்கி உடைந்தது என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டா, தோள்பை எல்லாம் ஜாக்கெட்டுக்கு வெளியே கழுத்தைச் சுற்றிக் கிடக்க வேண்டாம்.

வானிலை பற்றி ஒரு விபத்து சொல்வதைப் போல வேறெதுவும் சொல்லாது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள பிரான்சன் ஊரில் 'டக் போட்' என்ற வண்டி பிரபலம். தரையிலும் தண்ணீரிலும் ஓடும் வாகனம். 2018 ஜூலை 19 மாலை பலத்த இடிமின்னல் புயலுக்கான எச்சரிக்கை வந்துவிட்டது. வழக்கமாக ஊரைச் சுற்றிக்காட்டிய பிறகுதான் ஏரியில் இறங்குவார்கள். புயல் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று அன்று ஏரியை முதலில் வைத்துக்கொண்டார்கள். சுற்றுலாவை ரத்து செய்யாமல் வரிசையை மட்டும் மாற்றினார்கள். மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று ஏரியைக் கிளப்பிவிட்டது. 31 பேரில் 17 பேர் இறந்தார்கள். ஒரே குடும்பத்தில் ஒன்பது பேர். எல்லாருக்கும் ஜாக்கெட் இருந்தது. யாரும் அணிந்திருக்கவில்லை.

இதில் இன்னும் கசப்பான செய்தி ஒன்று உண்டு. 1999-இல் ஆர்கன்சா மாநிலத்தில் இதே வகை வாகனம் மூழ்கி 13 பேர் இறந்தபோது, மேலே இருந்த கூரைத் திரை பயணிகளை உள்ளேயே அடைத்துவிட்டது தெரிந்தது. அந்தக் கூரைகளை அகற்றுங்கள், தண்ணீர் புகுந்தாலும் மிதக்கும்படி வாகனத்தை மாற்றுங்கள் என்று பாதுகாப்பு வாரியம் சொன்னது. பெரும்பாலான நிறுவனங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிரான்சனிலும் கூரையும் பக்கத் திரையும் வெளியேறுவதற்குத் தடையாக இருந்தன. மூடிய அறை, இறக்கிவிட்ட கண்ணாடி, ஒற்றைக் கதவு ஆகியவை நம் ஊர் ஏசி படகுகளிலும் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்கள் உட்காரும்போதே வெளியேறும் வழி எது என்று பார்த்து, அதன் பக்கத்தில் உட்காருவது நல்லது.

ஆற்றுப் பயணத்தில் மழை நம் தலைமேல் பெய்ய வேண்டும் என்பதுகூட இல்லை. எங்கோ மேலே பெய்த மழை கீழே வெள்ளமாக வரும். 2019 செப்டம்பர் 15 அன்று கோதாவரியில் பாப்பிகொண்டலு மலைகளைப் பார்க்கப் போன 'ராயல் வசிஷ்டா' படகு கச்சுலூரு அருகே வெள்ளச் சுழலில் மூழ்கியது. 77 பேரில் 26 பேரே பிழைத்தார்கள். படகை வெளியே எடுக்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ஒகேனக்கல் போகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்து கூடியதும் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும். இருநூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்தவர்களுக்கு அந்த அறிவிப்பு ஏமாற்றமாகத்தான் இருக்கும். அப்போது "கொஞ்சம் கூடக் குடுங்க, இந்தப் பக்கமா கூட்டிட்டுப் போறேன்" என்று காதோரம் வரும் அழைப்புக்கு இணங்குவதுதான் ஆபத்து. கரையோரம் அமைதியாகத் தெரியும் நீர் பாறைகளுக்கிடையே எப்படிச் சுழலும் என்பது வருடம் முழுக்க அங்கே துடுப்புப் போடும் பரிசல் ஓட்டிகளுக்குத் தெரியும். அவர்களே போகத் தயங்கும் நாளில் போகக் கூடாது.

சின்னப் படகுகளின் கதை தனி. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு ஏரிகளில் பெடல் படகும் துடுப்புப் படகும் ஓட்டாத தமிழ்க் குடும்பம் குறைவு. இவற்றில் சிக்கல் பெரும்பாலும் நடு ஏரியில் இடம் மாறும்போது வரும். அப்பா களைத்துவிட்டார், மகன் ஓட்ட ஆசைப்படுகிறான். இருவரும் ஒரே நேரத்தில் எழுவார்கள். அல்லது பக்கத்துப் படகில் இருக்கும் சித்தப்பாவிடம் கேமராவைக் கொடுக்கக் கை நீட்டுவார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு கால் கரையிலும் ஒரு கால் படகிலுமாக நின்று படகைத் தள்ளிவிடுவதும் அடிக்கடி நடப்பது. ஏறுகிறவர் குனிந்து, படகின் நடுவில் கால் வைத்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். கனமானவர்கள் ஒரே பக்கம் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இடம் மாறுவதைக் கரைக்கு வந்து செய்யலாம். மது அருந்தியவர் எந்தப் படகிலும் ஏறவே கூடாது. அமெரிக்கப் புள்ளிவிவரங்களில் உயிர்ப்பலி வாங்கும் படகு விபத்துகளுக்கான முதன்மைக் காரணமாக ஆண்டுதோறும் எழுதப்படுவது மதுதான்.

எல்லாம் மீறிப் படகு கவிழ்ந்தால்?

பெரும்பாலான சிறிய படகுகள் கவிழ்ந்தாலும் உடனே அடியில் போய்விடாது. மிதக்கும் படகைப் பிடித்துக்கொண்டிருப்பதே நல்லது. கரை பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். உடுத்திய துணியோடு நீந்தும்போதுதான் தூரம் புரியும். தேடி வருகிறவர்களின் கண்ணுக்கும் ஒரு தலையைவிடப் படகுதான் எளிதில் படும். மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோலக் கூச்சலிட்டுக் கைகளை வீசுவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. மூச்சு வாங்கவே வாய் போதாதபோது கத்த முடியாது. சத்தமில்லாமல், தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்க, ஓரிரு நிமிடங்களுக்குள் உள்ளே போய்விடுவார். பக்கத்தில் இருப்பவர்கள் விளையாடுகிறார் என்று நினைத்துக்கொள்வது அதனால்தான்.

காப்பாற்றக் குதிப்பவரும் சேர்ந்து இறந்துபோவது நம் ஏரி குளங்களில் சகஜமாகிவிட்டது. மூழ்குகிறவர் கைக்கு அகப்படுவதை, அது ஆளாக இருந்தாலும், அழுத்திக்கொண்டு மேலே வரப் பார்ப்பார். அதனால் ஆள் போவதற்கு முன் பொருள் போக வேண்டும். கயிறு, துடுப்பு, மூடிய காலி கேன், எதுவானாலும் சரி. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் தத்தளித்தபோது, அங்கே துணி துவைக்க வந்திருந்த மூன்று பெண்கள் உடுத்தியிருந்த சேலைகளைக் கழற்றி முடிந்து வீசினார்கள். இருவர் அதைப் பிடித்துக் கரையேறினார்கள். தமிழ்நாடு அரசு அந்த மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது வழங்கியது. பயிற்சி எதுவும் இல்லாமலே அவர்கள் செய்தது, உலகெங்கும் மீட்புப் பயிற்சியில் முதலில் கற்றுத்தரும் வழி.

கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவது என்ற பழைய வழக்கங்களைக் கைவிட்டாக வேண்டும். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது மேலே வந்து மூச்சுக்குழலுக்குள் போகும். அதோடு அருமையான நேரமும் போகும். மூழ்கியவருக்கு உடனே தேவைப்படுவது காற்று. மூச்சு இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து முதலில் சில முறை ஊத வேண்டும். பிறகு மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் அழுத்த வேண்டும். 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாற்றி மாற்றி, 108 ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல். கண் விழித்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். நுரையீரலுக்குள் போன நீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சைத் திணறடிக்கும்.

நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-இல் வந்தது. எந்திரப் படகுக்குப் பதிவு வேண்டும், தகுதி ஆய்வுச் சான்றிதழ் வேண்டும், உயிர்காப்புச் சாதனங்கள் வேண்டும் என்று அது சொல்கிறது. தானூர், வதோதரா, மும்பை விபத்துகள் மூன்றும் அந்தச் சட்டம் வந்த பிறகு நடந்தவை. துறைக்கு அதிகாரி வராத ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பயணிகளின் கண்தான் கடைசிக் கண்காணிப்பு.

எனவே படகில் ஏறப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை பேருக்கு அனுமதி என்று படகில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் தலைகளை எண்ணுங்கள். குழந்தையையும் ஓர் ஆளாகவே எண்ணுங்கள். இருட்டத் தொடங்கிய பிறகு கிளம்பும் படகை விட்டுவிடுங்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் சுற்றுலாவுக்குக் கையெழுத்துக் கேட்டால், படகுப் பயணம் உண்டா, பிள்ளைக்கு ஒன்று வீதம் அளவான லைஃப் ஜாக்கெட் உண்டா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். படகுத்துறையில் ஜாக்கெட் தராவிட்டாலோ ஏற்கெனவே நிரம்பிய படகில் "இன்னும் நாலு பேர், கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க" என்று சொன்னாலோ டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கரையிலேயே நில்லுங்கள். உங்களுக்கு அடுத்து வரிசையில் நிற்பவரிடமும் காரணத்தைச் சொல்லுங்கள்.